பச்சைத் தூணில் மூன்று வளையங்கள்

எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொன்னதுதான் அவர்களுக்கு வினையாக முடிந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்கே இருந்தே?" என்று இன்ஸ்பெக்டர் தாண்டவராயன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "வூட்ல தூங்கிக்கினு இருந்தேன் சார்" என்று எட்டுப் பேரும் சொன்னார்கள். கறிக்குழம்பு சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஒரு சுமைக்காரன் வேறு என்ன செய்வான் என்று அவர் யோசிக்கவில்லை. பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று முடிவு கட்டி, எட்டுப் பேரையும் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்.

காணாமல் போனது நகையோ பணமோ இல்லை. ஓர் இரும்புக் கட்டி. மண்ணூரில் இருந்த கோமளா பிரேக் லைனிங் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த எஃகு அச்சு. லாரிச் சக்கரத்தை உரசி நிறுத்துகிற லைனிங் பட்டைகளை அதில் வைத்துத்தான் அழுத்தி வார்க்க வேண்டும். மரப்பெட்டியோடு சேர்த்து முந்நூற்றைம்பது கிலோ. மாடி ஸ்டோரில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தால் பெட்டி இல்லை. சனிக்கிழமைக்குள் அச்சு கிடைக்காவிட்டால் பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போகும். ஆர்டர் போனால் அறுபது பேருக்கு வேலை போகும்.

அன்று செவ்வாய்க்கிழமை. 1983ஆம் வருஷம், ஆடி மாதம். இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய துப்பறிவாளர் காலை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெயர் ரூத். காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பது வருஷம் பௌதிகம் நடத்திவிட்டு, சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவள். கூடவே வந்தவன் அவளுடைய உதவியாளன் நாகப்பன். பன்னிரண்டு வருஷம் லாரி கிளீனராக இருந்தவன். டிரைவர் தூங்கிவிடாமல் இருக்கப் பேசிக்கொண்டே வருவதுதான் அவனுடைய பாதி வேலை. லாரியை விட்ட பிறகும் வாயை விடவில்லை.

"டீச்சர், இந்தத் திருடனுக்கு மூளை கம்மி" என்றான் நடந்துகொண்டே. "தூக்கிக்கினு ஓட முடியாததைத் திருடி இன்னா பண்றது?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்" என்றாள் ரூத்.

தொழிற்சாலை வாசலில் ஒரு பெண் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரூத்தைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"இன்ஷூரன்ஸ் அம்மா நீங்கதானா? எம் பேரு சூசையம்மா. சுமைக்காரங்களுக்கு மேஸ்திரி யாகப்பன் எம் புருஷன். ரெண்டு நாளா ஸ்டேஷன்ல கீறாரு. சோத்தைக்கூட உள்ள வுட மாட்டேன்றாங்க."

"அவர் எடுத்திருப்பாரா?"

"அன்னிக்கு எம் பக்கத்துலதாம்மா படுத்துக்கினு இருந்தாரு. கொறட்டையில ஓட்டுமேல இருந்த பூனை எறங்கி ஓடிச்சு. பூனை சாட்சி சொல்லுமா?"

நாகப்பன் தலையாட்டினான். "பூனையையும் இன்ஸ்பெக்டர் உள்ள உட்கார வெச்சுடுவாரு."

"நீங்களும் மேலே வாங்க" என்றாள் ரூத்.

ஷெட் நிழலில் ஒரு புது ஸ்கூட்டர் நின்றது. ஹாண்டிலில் காய்ந்த சாமந்தி மாலை, சீட்டில் இன்னும் உரிக்காத பிளாஸ்டிக் உறை. முப்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மானேஜர் பாண்டுரங்கன்.

"ஏழு வருஷம் புக் பண்ணிட்டுக் காத்திருந்தேன் மேடம்" என்றான், யாரும் கேட்காமலே. "போன வாரம்தான் வந்தது."

"ஏழு வருஷத்துல பெத்த புள்ளயே தானா நடந்து இஸ்கூலுக்குப் போயிடும்" என்றான் நாகப்பன்.

மாடி ஸ்டோரில் முதலாளி ரகுபதியும் இன்ஸ்பெக்டரும் காத்திருந்தார்கள். அகலமான அறை. ஒரு பக்கம் படிக்கட்டுக் கதவு. எதிர்ப்பக்கம் சரக்கு ஏற்றி இறக்கும் பெரிய கதவு. திறந்தால் வெறும் வெளி, பதினான்கு அடிக்குக் கீழே தரையில் ஒரு கறுப்புத் தூள் குவியல். கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரும்பு உத்தரத்தில் ஒரு கப்பி தொங்கியது.

"பளுவைத் தூக்கற சங்கிலி மிஷின் வெள்ளிக்கிழமை உடைஞ்சுபோச்சு. மெட்ராசுக்கு ரிப்பேருக்கு அனுப்பிட்டோம்" என்றார் ரகுபதி. "மிச்சம் அந்தக் கப்பி மட்டும்தான். மிஷின் இல்லாம முந்நூத்தம்பது கிலோவை எறக்கணும்னா எட்டு ஆள் வேணும்."

"எட்டு ஆள் இருந்தாங்க. பிடிச்சேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பூட்டு உடைஞ்சிருக்கா?"

"இல்லை" என்றார் ரகுபதி. "சாவி மூணு பேர்கிட்ட உண்டு. நான், பாண்டுரங்கன், மேஸ்திரி யாகப்பன். அன்னிக்கு நான் மெட்ராஸ்ல அக்கா பொண்ணு கல்யாணத்துல இருந்தேன். எரநூறு பேர் பார்த்திருக்காங்க."

"வாசல் வழியா ஏதாவது போச்சா?"

"வாட்ச்மேன் எதுவும் போகலைன்னு சத்தியம் பண்றான். பின்பக்கம் மதில் தாழ்வா இருக்கு. அதைத் தாண்டி வயல் வழியா தூக்கிட்டுப் போயிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு நெல்லுச்செடிகூட மிதிபடாமலா?" என்றாள் ரூத்.

அவள் அறையைச் சுற்றி நடந்தாள். சரக்குக் கதவிலிருந்து ஆறடி உள்ளே, கூரையைத் தாங்கும் ஓர் இரும்புத் தூண். உருண்டையான தூண், பச்சை பெயிண்ட். இடுப்பு உயரத்தில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று வளையங்கள். ஓரத்துப் பெயிண்டில் தேங்காய் நார் இரண்டு இழை ஒட்டியிருந்தது.

"இன்ஸ்பெக்டர் சார், உங்ககூட எத்தனை கான்ஸ்டபிள் வந்திருக்காங்க?"

"நாலு பேர். ஏன்?"

"ஒரு கயிறு இழுக்கற போட்டி வைக்கலாம்னு."

நாகப்பன் மூலையில் கிடந்த தேங்காய்நார் வடத்தைக் கொண்டுவந்தான். ரூத் அதைத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றினாள். ஒரு முனையை நான்கு கான்ஸ்டபிள்களிடம் கொடுத்தாள். மறு முனையை சூசையம்மாளிடம் நீட்டினாள்.

"நீங்க சும்மா பிடிச்சுக்குங்க. ஒரு கை போதும்."

சூசையம்மாள் ஒரு கையில் கயிறு, ஒரு கையில் டிபன் கேரியர் என்று நின்றாள். நான்கு கான்ஸ்டபிள்களும் இழுத்தார்கள். கயிறு முறுகிச் சத்தம் போட்டது, நகரவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தார்கள். காலைத் தரையில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். ஒருவர் வழுக்கி உட்கார்ந்தே விட்டார். டிபன் கேரியரில் இருந்த ரசம்கூடத் தளும்பவில்லை.

"யோவ், காலைல சாப்டீங்களா இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவங்க மேலே தப்பில்லை" என்றாள் ரூத். "அவங்க இழுக்க இழுக்கக் கயிறு தூணை அழுத்துது. தூண் திருப்பி அழுத்துது. அழுத்தம் ஏற ஏற உராய்வு கயிறைக் கவ்விப் பிடிச்சுக்குது. அவங்க பலமே அவங்களுக்கு எதிரா வேலை செய்யுது. ஒரு சுத்துக்குப் பிடி ஆறு மடங்கு கூடுதுன்னு வைங்க. ரெண்டு சுத்துக்குப் பன்னண்டு இல்லை, முப்பத்தாறு. மூணாவது சுத்துக்கு எரநூத்துக்கும் மேலே."

"வதந்தி மாதிரின்னு சொல்லுங்க டீச்சர்" என்றான் நாகப்பன். "ஒவ்வொரு தெருவுக்கும் ஆறு மடங்கு."

"அதேதான். பெட்டியைத் தள்ளுவண்டியில வெச்சுக் கதவு வரைக்கும் உருட்டிட்டு வந்து, கப்பி வழியாக் கயிறைப் போட்டு, தூண்ல மூணு சுத்துச் சுத்தி, மிச்ச வாலைத் தூண்லயே கட்டிடணும். அப்புறம் பெட்டியை வெளியே தள்ளிட்டு, வாலை அவிழ்த்துக் கொஞ்சம் கொஞ்சமா விட்டாப் போதும். முந்நூத்தம்பது கிலோ கையிலே ரெண்டு கிலோவாத்தான் தெரியும். இதைச் செய்ய எட்டுப் பேர் வேண்டாம் சார். ஒருத்தர் போதும்."

பின்னாலேயே மேலே வந்திருந்த பாண்டுரங்கன் தூணைச் சுற்றிப் பார்த்தான். "கயிறைச் சுத்தினா இவ்வளவு இருக்கா மேடம்? எனக்கு இதெல்லாம் புதுசு. நான் பேப்பரும் பேனாவும் பிடிச்ச ஆள்."

சூசையம்மாள் சிரித்துவிட்டாள். "இதுல இன்னா அதிசயம் கீது? கெணத்துக்கு உறை எறக்கறப்ப எங்க மாமனாரு பனைமரத்துல இப்பிடித்தான் சுத்துவாரு. எங்க வூட்டுக்காரரும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆனால் தாமதம். இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

"உன் புருஷனும் உறை எறக்குவானா?"

அவள் டிபன் கேரியரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர் ரூத்திடம். "ஏழு பேரை விட்டுடறேன். யாகப்பன் ஒருத்தன் போதும். சாவியும் வெச்சிருக்கான், வித்தையும் தெரிஞ்சு வெச்சிருக்கான்."

சூசையம்மாள் டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். "எம் வாயாலயே அவரை மாட்டி வுட்டுட்டேனே" என்றாள். அவள் அழவில்லை. ரூத்தை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அழுகையைவிட மோசமாக இருந்தது.

ரூத் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நாகப்பன் பக்கத்தில் வந்தான்.

"டீச்சர், ஏழு பேரைக் காப்பாத்தி ஒருத்தரைத் தள்ளிட்டோம்."

"தெரியுது. யாகப்பனுக்குத் தெரியும்னு அவர் மனைவியே சொல்லிட்டா. திருடியிருந்தா அப்படிச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாளா?"

"அதை இன்ஸ்பெக்டர் ஒத்துக்க மாட்டாரு. இன்னொரு சாவிக்காரர் எதுவும் தெரியாதுங்கறாரே."

"தெரியும்னு சொல்றவங்களைச் சோதிக்க வேண்டாம், நாகப்பா. தெரியாதுன்னு சொல்றவங்களைத்தான் சோதிக்கணும்." அவள் கீழே ஷெட் நிழலைப் பார்த்தாள். பிறகு அவன் காதில் ஏதோ சொன்னாள்.

நாகப்பனின் முகம் மலர்ந்தது. "இதுக்கு எனக்கு நீங்க சம்பளமே தர வேணாம் டீச்சர்."

ரூத் திரும்பினாள். "பாண்டுரங்கன் சார், போன மூணு மாசத்துக்கு ஸ்டோர் ரிஜிஸ்டர் எல்லாம் வேணுமே. கொஞ்சம் தேடி எடுத்துட்டு வர முடியுமா?"

அவன் ஆபீஸ் அறைக்குப் போன பிறகு நடந்ததை ரகுபதி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு கான்ஸ்டபிள்களும் நாகப்பனும் சேர்ந்து அந்தப் புது ஸ்கூட்டரைப் படிக்கட்டு வழியாக மாடிக்குத் தூக்கிவந்தார்கள். பெட்டியை இறக்கிய மாதிரியே வடத்தைக் கட்டிக் கப்பியில் போட்டார்கள். ரூத் தூணில் கயிறைச் சுற்றினாள். இந்த முறை ஒரே ஒரு சுற்று. முனையை சூசையம்மாளிடம் கொடுத்தாள்.

"ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிங்க. ஒரு சுத்துதான், கனம் தெரியும். நான் சொல்றப்போ ஒரு கையை எடுங்க."

ஸ்கூட்டர் கதவுக்கு வெளியே அந்தரத்தில் தொங்கி மெதுவாகச் சுழன்றது. சாமந்தி மாலை காற்றில் ஆடியது.

பாண்டுரங்கன் ரிஜிஸ்டர்களைச் சுமந்துகொண்டு படியேறி வந்தான். பார்த்தான். ரிஜிஸ்டர்கள் கீழே விழுந்தன.

"என் வண்டி" என்றான்.

"சின்னப் பரிசோதனைதான். ஒண்ணும் ஆகாது" என்றாள் ரூத். "சூசையம்மா, ஒரு கையை எடுங்க."

அவள் எடுத்தாள். கயிறு சர்ரென்று ஒரு முழம் ஓடியது. ஸ்கூட்டர் ஒரு முழம் இறங்கிக் குலுங்கி நின்றது.

பாண்டுரங்கன் ஒரே பாய்ச்சலில் தூணிடம் போனான். "ஒரு சுத்து எப்படிம்மா தாங்கும்? விடு, விடு, நான் பிடிக்கறேன்." அவள் கையிலிருந்த வாலைப் பிடுங்கித் தூணைச் சுற்றி ஓடினான். இரண்டு சுற்று. கை தானாக வேலை செய்தது; கட்டைவிரலால் ஒவ்வொரு சுற்றையும் கீழே தள்ளி ஒதுக்கினான். "ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா வரணும். ஒண்ணு மேலே ஒண்ணு ஏறிச்சுன்னா எறக்கறப்போ சிக்கிக்கும். அப்புறம் மேலயும் வராது, கீழயும் போகாது."

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தை மறுபடி திறந்தார்.

"இழுக்கறதைத்தான் நான் இங்கே காட்டினேன்" என்றாள் ரூத். "எறக்கறதை யாருமே காட்டலையே, பாண்டுரங்கன் சார். எறக்கறப்போ சிக்கிக்கும்னு பேனா பிடிச்ச கைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பாண்டுரங்கன் கயிறைப் பிடித்தபடியே நின்றான். விட்டால் வண்டி போய்விடும். இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்துக்கொண்டு அவன் கையைப் பார்த்தார், கயிறைப் பார்த்தார், திரும்ப விலங்கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டார்.

"எங்க அப்பாவும் உறை எறக்கறவர்தான்" என்றான் பாண்டுரங்கன் கடைசியில். "வெளியே சொல்லிக்கறதில்லை. தெரிஞ்சிருக்கறது ஒரு குத்தமா? பெட்டியை நான் எடுத்தேன்னா, பெட்டி எங்கே? காட்டுங்க."

"காட்டறேன். முதல்ல வண்டியை எறக்குங்க."

அவன் கீழே எட்டிப் பார்த்தான். கதவுக்கு நேர் கீழே அந்தக் கறுப்புக் குவியல். லைனிங் பட்டைகளை அரைக்கும்போது விழுகிற தூள். வாரா வாரம் புதன்கிழமை ஒரு லாரி வந்து அள்ளிப் போகும்.

"எறக்க வேண்டாம். மேலே இழுத்துக்கலாம்" என்றான்.

"ஏன்? நேரா எறக்கினா தூள்ல மெத்து மெத்துன்னு உட்காரும். ஒரு கீறல் விழாது."

அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கக் கை இல்லை. மேலே இழுக்க அவனால் முடியாது. விட மனசு வராது. இறக்க முடியாத காரணம் அவனுக்கு மட்டும் தெரியும். நாகப்பன் தன் தோள் துண்டால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டான்.

"ஏழு வருஷம் காத்துக்கினு இருந்தீங்க சார். இன்னும் ஏழு வருஷம் இப்பிடியே நிக்கப் போறீங்களா?"

பாண்டுரங்கன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு இறக்கினான். எவ்வளவு அழகாக இறக்கினான் என்பதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். கயிறு அவன் விரல்களுக்கு நடுவே எண்ணெய் போல வழுக்கிப் போனது. ஸ்கூட்டர் ஒரு குலுங்கல் இல்லாமல் கீழே போய்க் குவியலைத் தொட்டது.

டொக்.

"தூள்மேல உட்கார்ந்தா அந்தச் சத்தம் வராது சார்" என்றாள் ரூத் இன்ஸ்பெக்டரிடம். "நூறு கிலோ வண்டி. சக்கரம் பாதி வரைக்கும் புதைஞ்சிருக்கணும். நாலு விரல்கூட அமுங்கலை பாருங்க. ஏதோ ஒண்ணு அடியிலிருந்து வண்டியை எதிர்த்துத் தாங்குது. தனி ஆள் முந்நூத்தம்பது கிலோவை எறக்கலாம். தூக்கிட்டுப் போக முடியாது. கயிறு எங்கே முடிஞ்சுதோ அங்கேயேதான் பெட்டி இருந்தாகணும்."

அவள் சொல்லி முடிக்கும்போதே குவியலின் ஒரு பக்கத்துத் தூள் சரிந்தது. மரப்பெட்டியின் மூலை வெளியே தெரிந்தது.

மற்றதை அவனே சொன்னான். இறக்கிய பெட்டியின் மேல் தூளை அள்ளிப் போட்டு மூடியிருந்தான். புதன்கிழமை லாரி அவன் மச்சானுடையது. தூளோடு தூளாகப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய், ஒரகடம் பக்கம் லைனிங் வார்க்க இரண்டு பேரும் சேர்ந்து போட்டிருக்கும் ஷெட்டில் இறக்குவதாக ஏற்பாடு.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா" என்றார் ரகுபதி. அவர் கோபப்படவில்லை, அதுதான் பாண்டுரங்கனுக்குத் தாங்கவில்லை.

"பதினோரு வருஷமாக் கேட்டேன் சார். கூட்டு சேர்த்துக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க" என்றான். "ஆனா எட்டுப் பேரைப் பிடிப்பாங்கன்னு நான் நினைக்கலை. எட்டுப் பேரை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க, கேஸ் அப்படியே நின்னு போயிடும்னுதான் நினைச்சேன்."

சூசையம்மாள் முன்னால் வந்தாள். "நீ நெனைக்கல. எம் புருஷன் ரெண்டு நாளா சோறு துண்ணல" என்றாள். பாண்டுரங்கன் தலைகுனிந்தபடி இன்ஸ்பெக்டரோடு படியிறங்கிப் போனான்.

மூன்று மணிக்கு போலீஸ் வேன் எட்டுப் பேரையும் தொழிற்சாலை வாசலில் கொண்டுவந்து இறக்கியது. யாகப்பன் முதலில் இறங்கினான். நல்ல உயரம், இரண்டு நாள் தாடி. ரகுபதி அவன் கையைப் பிடித்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவன் கேட்டுக்கொண்டே கண்ணால் டிபன் கேரியரைத் தேடினான். சூசையம்மாள் அதைத் திறந்து வேப்பமர நிழலில் பரிமாறினாள். சோறு ஆறிப்போயிருந்தது. அவன் கவலைப்படவில்லை.

ரூத்தும் நாகப்பனும் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ரூத் சூசையம்மாளிடம் விடைபெற வந்தாள்.

"நீங்க இல்லைன்னா இன்னைக்கு ஒண்ணும் நடந்திருக்காது. சரியா ஒரு முழம் விட்டுப் பிடிச்சீங்களே, அதுலதான் அவன் பயந்தான். எப்படி அவ்வளவு கணக்கா நடிச்சீங்க?"

சூசையம்மாள் புருஷனின் தட்டில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினாள்.

"நடிக்கல டீச்சரம்மா" என்றாள். "அந்தாளு மூஞ்சியைப் பார்த்தேன். வண்டியக் கீழ வுட்டுடலாம்னு நெஜமாவே புடியத் தளர வுட்டேன். பாழாப்போன தூணுதான் புடிச்சுக்கிச்சு."

யாகப்பனுக்குப் புரையேறியது. இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் சிரித்தான். வாயில் சோற்றோடு, கண்ணில் தண்ணீர் வர, வேப்பமரத்தில் சாய்ந்து சிரித்தான்.